படிக்காமல் விட்ட இரண்டாம் பக்கம்

என் கைபேசி ஒலித்தால், காலை நடைக்கு என்னோடு வரும் நண்பர்கள் நான்கு பேரும் சிரிப்பார்கள். எல்லாருக்கும் எழுபதை ஒட்டிய வயது. சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் விடுவதில்லை. கைபேசியில் நான் வைத்திருக்கும் பாட்டு அப்படி. முதல் சொல்லின் முதல் எழுத்தையே அந்தப் பாடகர் ஒரு தெருவின் நீளத்துக்கு இழுப்பார். "சீக்கிரம் எடுங்க சார், அவருக்கு மூச்சு முட்டுது" என்பார் ஒருவர். "அவசரமே இல்ல. கூப்பிட்டவர் பஸ் பிடிச்சு நேர்ல வந்துடலாம், அதுக்குள்ள பல்லவி முடியாது" என்பார் இன்னொருவர். நானும் சேர்ந்து சிரிப்பேன். பாட்டை மாற்ற மாட்டேன்.

அவர்களுக்கும், அவர்களைப் போல என் வயதில் இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பாடகரை எனக்குப் பிடிக்கும் என்பதை அல்ல. அது எல்லாருக்கும் தெரியும். பதினொரு வயதில் அவருக்கும் என் அப்பாவுக்கும் நான் செய்த ஒரு கெடுதலை.

பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் "அவரா?" என்று முகத்தைக் கோணுவீர்கள். நாம் அரைக்கால் சட்டை போட்டிருந்த நாளிலேயே அவர் பழையவர். கிதாரும் டிரம்மும் வந்துவிட்டன. ஓடிக்கொண்டே பாடுகிற கதாநாயகர்களுக்கு ஓடிக்கொண்டே பாடுகிற குரல்கள் கிடைத்துவிட்டன. இவரைக் கூப்பிட்டால் படகோட்டிக்கோ, மேடு ஏறும் மாட்டு வண்டிக்கோ, யாராவது செத்துப்போனதற்கோ ஒரு பாட்டுக் கொடுத்தார்கள். பிறகு அதற்கும் கூப்பிடவில்லை.

அவர் குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். மூக்கால் பாடுவார். குரல் நடுங்கும். மேலே போகும்போது நமக்குக் கழுத்து வலிக்கும். ஆனால் ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். ஒரு சொல்லை முழுசாக முடிக்காமல் மூச்சு வாங்க மாட்டார். அழுகைப் பாட்டை அழாமல் பாடுவார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிற்கிற மாதிரி. அழுவதா வேண்டாமா என்பது நம் விருப்பம். இதையெல்லாம் இன்று யாரிடமும் வாதிட என்னால் முடிகிறது. வாதிட வேண்டிய நாளில் வாயைத் திறக்கவில்லை.

நெய்வேலியில் அப்போது எல்லாமே புதுசு. எங்கள் பிளாக்கில் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்கள். இருட்டில் வீடு மாறிப் போய் அடுத்தவர் சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பையன்கள் உண்டு. கொடியில் காய்கிற வெள்ளைத் துணி, சாயங்காலத்துக்குள் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து மங்கிவிடும். அம்மா அதை இரண்டு உதறு உதறி மடிப்பாள். அடுப்பில் பழுப்பு நிலக்கரிக் கட்டி எரியும். நனைந்த மரத்தையும் மண்ணையும் ஒன்றாகப் போட்டுக் கொளுத்தியது போல ஒரு புகை. அந்த வாசம் என்னிடம் எந்தச் சட்டையிலும் இப்போது இல்லை.

அப்பா பம்ப் ஆபரேட்டர். முத்தாண்டிக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம், மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. எங்கள் ஊரில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே சுரங்கம் வெட்ட முடியும். பம்புக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. ஆகவே அப்பாவுக்கும் கிடையாது.

அலமாரியில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. போட்டதும் பாடாது. முகப்பில் ஒரு பச்சைக் கண் மெல்ல விழிக்கும். தூசி சூடாகிற வாசம் வரும். அப்புறம்தான் குரல். அந்தப் பாடகரின் பாட்டு வந்தால் அப்பா செய்கிற வேலையை நிறுத்திவிடுவார். பாதி சவரத்தில், ஒரு கன்னம் நுரையோடு, கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. சினிமாக் கொட்டகையில் விற்கிற மெல்லிய பாட்டுப் புத்தகங்களை, அவர் பாடிய படமாகப் பார்த்து, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். படம் பார்க்காமலே பாட்டுப் புத்தகம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு.

எனக்கும் அந்தக் குரல் பிடித்தது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சளி பிடித்தால் பிறருக்கு ஒட்டிக்கொள்வது போல ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் ஓவிய வகுப்பில் யானை வரைந்துகொண்டிருக்கும்போது என்னை அறியாமல் முனகிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் ஆபீசர் பிளாக் பையன். அவன் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் உண்டு, அதில் சுற்றுவதெல்லாம் அந்த வருடத்துப் பாட்டு.

"டேய், இவன் கிழவன் பாட்டுப் பாடுறான்டா" என்றான் அவன்.

அன்றைக்கு மாலைக்குள் எனக்கு 'இழுவை' என்று பெயர் வந்துவிட்டது. நான் மைதானத்தில் நடந்தால் பின்னால் ஐந்தாறு பேர் "ஆஆஆ" என்று நடுங்கிக்கொண்டே வருவார்கள். நன்றாகவே செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் தாங்காமல் திரும்பி நின்று சொன்னேன். "அது எங்கப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு. எனக்கு இல்ல. அவரு ரேடியோவ நிறுத்த மாட்டேங்குறாரு, நான் என்ன செய்யுறது?"

"உங்கப்பா பெரிய இழுவையா?"

"ஆமா" என்றேன். என்னை விட்டுவிட்டார்கள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பாவின் செக்‌ஷன்காரர்கள் ஒரு கச்சேரி வைக்க முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டு வாசலில்தான் கூட்டம். முதல் மழை பெய்து ஓய்ந்த மாலை. போர்மேனுக்கு மட்டும் நாற்காலி, மற்றவர்கள் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டும் படியில் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். அப்பா அந்தப் பாடகரைக் கூப்பிடலாம் என்றதும் முதலில் சிரித்தவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்ணா, போன வருசம் ரேடியோவுல ஒரு எழுத்தை எடுத்தாருங்களே, அத முடிச்சுப்போட்டாருங்களா? முடிச்சாத்தானுங்க இங்க வர முடியும்."

"சிரிங்க, சிரிங்க" என்றார் அப்பா.

"இளவட்டப் பசங்க கிதாரு வேணுங்கறானுங்கப்பா" என்றார் போர்மேன். "இவரு பாட்டுக்கு அவனுங்க தூங்கிடுவானுங்க."

"தூங்கட்டுமே. நைட் ஷிப்ட் பாத்தவனுக்குத் தூக்கம் வந்தா நல்லதுதான" என்ற அப்பா, பிறகு கொஞ்சம் வேகமாகப் பேசினார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. "பம்ப் அவுஸ்ல எட்டு மணி நேரம் மோட்டாரு ஒரே சத்தம் போட்டுக்கினு இருக்குது. அதுல நின்னுக்கினு வேற எவன் பாட்டப் பாடினாலும் மோட்டாரு முழுங்கிடும். இவரு பாட்டு மட்டும் மோட்டாரோட சேந்துக்கும். அவரு இழுக்குறதெல்லாம் அதுக்குத்தான். ஒரு நாளு வந்து நின்னு கேளுங்க, அப்புறம் பேசுங்க."

"நாங்க மோட்டாரு கேக்க வர்லீங்ணா, பாட்டு கேக்கோணும்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற நானும் சிரித்தேன். அப்பா சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். பம்ப் ஹவுஸுக்கு ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோனபோது மோட்டார் சத்தத்தில் நானே பாடிப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அப்பா ஜெயித்தார். ஜெயித்த காரணம் பெரியவனான பிறகுதான் விளங்கியது. கிதார் குழுக்கள் எல்லாம் சாயங்காலம்தான் வருவோம் என்றன. எங்களுக்கு வேண்டியது பகல் கச்சேரி. பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் இரண்டாம் ஷிப்ட் போகிறவர்கள் ஒரு மணி வரை கேட்கலாம். முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் இரண்டரைக்கு மேல் மறுபாதியைக் கேட்கலாம். தேதி, நேரம் எதையும் கேட்காமல் மறு தபாலில் சம்மதம் எழுதியவர் இவர் ஒருவர்தான். அப்பா அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். "பாத்தியா, நம்ம ஊருன்னதும் ஒத்துக்கினாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அவருக்கு அந்தப் பூஜை நாட்களில் வேறு கச்சேரி ஏதும் இல்லை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வரவேற்புரையை அப்பாவே எழுதினார். ரூல் போட்ட தாளில் இரண்டு பக்கம். பள்ளியில் நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்பதால் நான்தான் மேடையில் படிக்க வேண்டும் என்றார். மறுக்க முடியவில்லை. முதல் பக்கம் முழுக்க இசைக்கடல், தேன்குரல், எங்கள் நெஞ்சம் நிறைந்தவர். இரண்டாம் பக்கத்தில் சில வரிகள்தான். அவற்றை எழுத அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஊரில் ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் எழுந்து போய்விட வேண்டும். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. படத்தில் கதாநாயகன் தூக்குமேடையில் நிற்பான். சங்கு ஊதும். நாற்பது பேர் எழுந்து பஸ்ஸுக்குப் போவார்கள். பின்னால் இருப்பவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. முத்தாண்டிக்குப்பத்தில் அத்தை மகள் கல்யாணத்தில் பாயசம் ஊற்றும்போது அப்பா எழுந்து பஸ் பிடிக்க ஓடிவிட, மாமா ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. செக்‌ஷனில் வேறு யாருக்கும் தோன்றாதது அப்பாவுக்குத் தோன்றியது அந்த மாமாவால்தான்.

அப்பா தனக்கு மட்டும் ஷிப்ட் மாற்றி வைத்திருந்தார். கச்சேரி நாள் காலையில், மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டவர் சைக்கிளில் ஓடிவந்தார். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. "மொதக் குழந்த. நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அப்பா அவரை அனுப்பினார். பிறகு உட்கார்ந்து, இரண்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் இரண்டு வரி சேர்த்தார். அந்தப் பக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"ஐயா, ஒரு விண்ணப்பம். பகல் ஒரு மணிக்கு எங்கள் ஊரில் சங்கு ஊதும். எதிரில் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்போது எழுந்து போவார்கள். அடுத்த ஷிப்டுக்குப் பஸ் அந்த நேரத்தில்தான் புறப்படும். தண்ணீர் இறைப்பது நின்றால் சுரங்கம் நின்றுவிடும். உங்கள் பாட்டில் குறை கண்டு யாரும் போகவில்லை. தாங்கள் தொடர்ந்து பாட வேண்டும். போகிறவர்களில் நானும் ஒருவன். என் மனது இங்கேதான் இருக்கும்."

"இதத்தான்டா முக்கியமா படிக்கணும்" என்றார். "மேல இருக்கறதெல்லாம் பூமாலை. இதுதான் விஷயம்."

பந்தலில் பச்சை மூங்கில் வாசம். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய், குங்குமம். கம்பெனி பஸ்களுக்கும் சந்தனம் தடவி முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பாடகர் வந்த கார் தாமதமாக வந்தது. குரலை வைத்து நான் ஒரு பெரிய ஆளை நினைத்திருந்தேன். இறங்கியவர் குள்ளமாக, கோட்டுப் போட்டு, வியர்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் அவரை விட வயசானவர்கள். மேடைப் படியில் செருப்பைக் கழற்றி, ஜோடி கலையாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்பா அவருக்கு மாலை போட்டுவிட்டு, ஒரு மணிக்குத் தயாராக இருக்க வேண்டுமே என்று காக்கி யூனிபார்ம் மாற்றிக்கொள்ள வீட்டுக்கு ஓடினார். என்னிடம் கண்ணால், படி, என்றார்.

முன்வரிசையில் தரையில் என் வகுப்பு முழுக்க இருந்தது. நான் "இசைக்கடலே" என்றேன். ஆபீசர் பிளாக் பையன் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நடுங்கினான். பக்கத்தில் இருந்தவன் அதை வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு வரிக்கும் அந்த நடுக்கம் வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்தது. என் காது எரிந்தது. முதல் பக்கத்தின் கடைசி வரி "வருக, வருக" என்று முடிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். பாடகர் எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் தாளைத் திருப்பியிருக்கலாம். முன்வரிசையைப் பார்த்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மேடையை நடத்திய எங்கள் தமிழாசிரியர் முதுகில் தட்டினார். "சுருக்கமா முடிச்சிட்டே. அதான் அழகு."

கச்சேரி நன்றாக இருந்தது. நான் இப்போது சொல்வதற்காகச் சொல்லவில்லை. நான்காவது பாட்டில் கோயம்புத்தூர்க்காரர் தலையாட்டினார். அப்பா யூனிபார்மோடு வந்து பந்தலின் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையில் சாப்பாட்டு அடுக்கு. மணி ஒன்று அடிக்கும்போது பாடகர் அவருடைய மிகப் பெரிய இழுப்பில் இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. சங்கு ஊதியது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. சிரித்தார். சங்கின் சுருதிக்குக் குரலை ஏற்றி, அதோடு சேர்ந்து நின்று, அது இறங்க இறங்கத் தானும் இறங்கி, அது முடியும் இடத்தில் முடித்தார். பந்தல் அதிர்ந்தது. அப்படியொரு கைதட்டலை அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் நான் கேட்டதில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். எதிரே இருநூறு முந்நூறு பேர் எழுந்து, வேட்டியையும் பேண்ட்டையும் தட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்தவில்லை. பாடகர் அடுத்த வரியை எடுத்தார். எடுத்து, யாரையோ தேடுவது போலக் கூட்டத்தைப் பார்த்தார். தனக்கு மாலை போட்ட மனிதர் பந்தல் காலை விட்டு, சிரித்த முகத்தோடு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மற்றவர்களோடு பஸ்ஸைப் பார்த்து நடப்பதைக் கண்டார். அப்பா அவ்வளவு நிம்மதியாகச் சிரித்ததற்குக் காரணம், விஷயத்தை நான் படித்துவிட்டேன் என்று நம்பியதுதான். அவர் சிரிப்பு மேடையிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பாடகர் அந்த வரியை முழுசாகப் பாடி முடித்தார். மைக்கில், "நேரம் ஆயிட்டுது போல. ரொம்ப சிரமம் குடுத்துட்டேன். மன்னிக்கணும்" என்று சொல்லிக் கும்பிட்டார். முதல் பாதி முடிந்தது என்று நினைத்துத் தமிழாசிரியர் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். சாப்பாடு எங்கள் வீட்டில் ஏற்பாடு. அங்கேதான் போகிறார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அம்மா வாழைப்பூ வடையும் முந்திரிப்பருப்பு போட்ட பாயசமும் செய்து இலை போட்டு வைத்திருந்தாள்.

கார்க் கதவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஏன் போய் நின்றேன் என்று தெரியவில்லை. சொல்லிவிடத்தான் போயிருப்பேன் என்று நம்ப ஆசை.

"தம்பி, நல்லாப் படிச்சே" என்றார் அவர். "அழகா எழுதியிருந்துது. யாரு எழுதுனது?"

"எங்கப்பா."

"அவர் எங்கே? சொல்லிக்கிட்டுப் போறேன்."

"போயிட்டாரு" என்றேன்.

"மாலை போட்டாரே, அவரா?"

தலையாட்டினேன். அவர் என் தலையில் கை வைத்து எடுத்தார். கார் கிளம்பியது, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது. என் சட்டைப் பையில் தாள் மொடமொடவென்று இருந்தது.

இரண்டரைக்கு முதல் ஷிப்ட்காரர்கள் குளித்துத் தலைசீவி வந்து காலி மேடையைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள், "தலைக்கனம் பிடிச்ச ஆளு" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பாயசத்தை அம்மா பிளாக் முழுக்க டம்ளர் டம்ளராகக் கொடுத்தனுப்பினாள். நான் குடிக்கவில்லை. வெயிலில் நின்றதால் என்று சொல்லி நெற்றியில் பற்றுப் போட்டாள்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கோயம்புத்தூர்க்காரர் விவரம் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "நல்லாத்தானுங்ணா பாடிட்டிருந்தாரு. நீங்கெல்லாம் போனதும் மொகம் செத்துப்போச்சுங்க."

அப்பா உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "ரெண்டாம் பக்கம் படிச்சியா?"

"படிச்சேம்பா."

"முழுசாவா?"

"முழுசா."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. "அப்ப தெரிஞ்சிக்கினுதான் போயிருக்காரு" என்றார். அவ்வளவுதான். நான் பின்கட்டுக்குப் போய்த் தாளை அடுப்பில் போட்டேன். நிலக்கரி அடுப்பில் தாள் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும். பென்சில் வரிகள் கடைசியாகப் போயின.

அன்று முதல் ரேடியோவில் அந்தக் குரல் வந்தால் அப்பா எழுந்து போய் நிறுத்துவார். கோபமாக இல்லை, விளக்கை அணைப்பது போல. தகரப் பெட்டி பரணுக்குப் போனது. குவார்ட்டர்ஸ் மாறியபோது அதை யாரும் இறக்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. பம்ப் ஹவுஸில் எட்டு மணி நேரம் அவர் எதை முனகினார் என்று நான் கேட்டதில்லை.

நான் படித்தேன், வெளியூரில் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடகரின் பாட்டைத் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்டேன். அப்பா ஓய்வு பெற்று, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் ஒரு வீடு கட்டினார். எனக்கு நாற்பது தாண்டியிருந்த ஒரு விடுமுறையில் அவரோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டேப்பிலிருந்து அந்தக் குரல் வந்தது. நிறுத்த முடியாத தூரம். அப்பா உரிக்கும் கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கார்ல ஏறும்போது என்னைய கேட்டாரா?"

"கேட்டாருப்பா."

"நீ போயிட்டாருன்னு சொன்ன."

"ஆமா."

நாலைந்து கடலை உரித்தார். "முப்பது வருசமா அந்த மனுசன மனசுக்குள்ள திட்டிக்கினே இருந்துட்டேன்டா." பிறகு, "உசுரோட இருக்காரா?" என்றார்.

இருந்தார். விலாசம் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. இரண்டாம் பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே எழுதி அனுப்பச் சொன்னார் அப்பா. படித்துக் காட்டினேன். "மனசு இங்கதான் இருக்கும்னா எழுதினேன்? பரவால்லியே, அப்பவே நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். கீழே, இதைப் படிக்காமல் விட்டவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதில் கார்டு வந்தபோது நான் வடக்குத்தில்தான் இருந்தேன். பெண் கையெழுத்து.

"அன்புடையீர், மகள் படித்துக் காட்டினாள். தாங்கள் சொல்லும் ஊர் எனக்குத் தனியாக நினைவில் இல்லை. அந்த நாட்களில் பல ஊர்களில் நடுவில் எழுந்து போனார்கள். அதில் ஒரு ஊர்க்காரர்களாவது வேலைக்குத்தான் போனார்கள் என்று இப்போது தெரிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சங்கோடு சேர்ந்து பாடினேன் என்பதும் சந்தோஷம். தம்பியைக் கோபிக்க வேண்டாம்."

படித்ததும் முதலில் எனக்கு மனது லேசானது. அவருக்கு நினைவே இல்லை. அடுத்த நொடியே அந்த 'பல ஊர்களில்' கண்ணில் பட்டது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கார்டை இரண்டு தடவை படித்தார். அவர் விரலும் அந்த இடத்தில்தான் நின்றது.

"பல ஊர்லன்னு எழுதியிருக்காரு" என்றார்.

"ஆமாப்பா."

"அந்த ஊர்லயும் ஏதாச்சும் இருந்திருக்கும்டா. அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கடைசி பஸ்ஸா இருக்கும். இல்ல, மழ வந்திருக்கும். அவரு பாட்டுக்குன்னு எவனும் எழுந்து போயிருக்க மாட்டான்." கார்டை என்னிடம் நீட்டினார். "இதையும் ஒரு கார்டுல எழுதிப் போடு."

நான் பேனாவை எடுத்தேன். "எந்தெந்த ஊருன்னு கேட்டு எழுதவா?"

"கேக்காத" என்றார் அப்பா. "அப்புறம் ஒவ்வொரு ஊரா நெனச்சுப் பாத்துக்கினு இருப்பாரு. நீ பஸ்ஸுன்னே எழுது."

பஸ் என்றே எழுதினேன்.